விசிறி தேடும் பெங்களூர்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழன் ஊருக்கு எழுதும் முதல் கடிதத்தில் மூன்று செய்திகள் தவறாமல் இருக்கும். வேலை கிடைத்துவிட்டது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. இங்கே சித்திரை மாதத்திலும் இரவில் போர்வை வேண்டும்!

வேலூரிலும் திருவண்ணாமலையிலும் தர்மபுரியிலும் வெயிலில் வெந்தவர்கள் அவர்கள். கன்டோன்மென்ட் ரெயில் நிலையத்தில் இறங்கியதும் முகத்தில் பட்ட குளிர்ந்த காற்றே அவர்களுக்குப் பாதிச் சம்பளம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. பழைய வீடுகள் பலவற்றில் மின்விசிறி மாட்டக் கொக்கி கூட வைத்ததில்லை.

அந்தப் பெங்களூர் இன்று எங்கே?

ஸ்ரீராமபுரத்திலும் ஓக்கலிபுரத்திலும் அல்சூரிலும் உள்ள ஒற்றை அறை வீடுகளில் மார்ச் மாதம் பிறந்ததும் தூக்கம் போய்விடுகிறது. விசிறி சுழன்றால் அனல் காற்று. மின்சாரம் நின்றால் அதுவும் இல்லை. "ஊரில் இருந்தாலாவது திண்ணையில் படுக்கலாம், இங்கே படுக்கத் திண்ணையும் இல்லையே" என்பது பல குடும்பங்களில் கேட்கும் புலம்பல்.

கணக்கு சொல்லும் கதை

இது வெறும் புலம்பல் அல்ல. வானிலைத் துறையின் ஏடுகளே சாட்சி.

2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. பாரன்ஹீட் கணக்கில் 102 டிகிரிக்கு மேல். இந்நகரின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி. ஏப்ரல் மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் சுமார் 34 டிகிரிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும்.

"அந்தக் காலத்திலும் வெயில் அடிக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1931 மே மாதத்தில் இங்கே 38.9 டிகிரி பதிவாகி இருக்கிறது. ஆனால் அந்தச் சாதனை முறியடிக்கப்பட 85 ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு எட்டே ஆண்டுகளில் மீண்டும் அதன் அருகே போய் நின்றது வெயில். எப்போதோ வந்த விருந்தாளி இப்போது அடிக்கடி கதவைத் தட்டுகிறான் என்பதுதான் வேறுபாடு.

இந்தியா முழுவதற்கும் 1901ஆம் ஆண்டு முதல் வெப்பக் கணக்கு இருக்கிறது. அதில் மிக வெப்பமான ஆண்டு 2024. உலகக் கணக்கிலும் அதே ஆண்டுதான் முதலிடம். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த புகை வானத்தில் போர்வையாகப் படிந்து உலகையே சூடாக்குகிறது. அதற்குப் பெங்களூர் மட்டும் தப்ப முடியாது.

ஏரியை விற்ற ஊர்

ஆனால் எல்லாப் பழியையும் உலகத்தின் மீது போட்டுவிட்டுப் பெங்களூர் கை கழுவிக்கொள்ளலாமா? கூடாது. இந்த ஊர் தானாகத் தேடிக்கொண்ட சூடும் இதில் இருக்கிறது.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் வெயிலில் நின்று பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும், அவர்கள் நிற்பது ஓர் ஏரியின் நடுவில் என்று? தர்மாம்புதி ஏரி என்பது அதன் பெயர். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. கோரமங்கலா ஏரி இருந்த இடத்தில் தேசிய விளையாட்டு கிராமத்தின் அடுக்கு மாடிகள். அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானம் ஆயிற்று. நாலைந்து ஏரிகளின் கதை இது; பட்டியல் இன்னும் நீளம்.

இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். 1973 முதல் சுமார் 45 ஆண்டுகளில் நகரின் பசுமைப் பரப்பில் 88 சதவீதமும் நீர்ப் பரப்பில் 79 சதவீதமும் போய்விட்டன. கட்டடமும் தாரும் சிமென்டும் மூடிய பரப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

மரமும் ஏரியும் செய்கிற வேலை என்ன? வெயிலை வாங்கிக்கொண்டு நீராவியாக விடுகின்றன, காற்று குளிர்கிறது. சிமென்டு செய்கிற வேலை என்ன? பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கக்குகிறது. தோசைக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாலும் உடனே ஆறுவதில்லை அல்லவா? அதுபோல் நகரம் நள்ளிரவு வரை கொதிக்கிறது. தொழிலாளியின் தூக்கம் கெடுவது இதனால்தான்.

பருவம் தவறிய மழை

வெயிலோடு மழையும் கணக்கு மாறிவிட்டது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாலையில் இடி இடித்துப் பெய்யும் மாம்பழ மழைதான் பெங்களூரின் இயற்கையான ஏர் கண்டிஷனர். 2024 ஏப்ரலில் ஒரு துளிகூட விழவில்லை. 1983க்குப் பிறகு மழையே இல்லாத ஏப்ரல் அதுதான். சரி, வானம் பொய்த்தது என்று நினைத்தால், அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லி மீட்டர் கொட்டியது. 133 ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் ஒரு நாளில் அவ்வளவு மழை பெய்ததில்லை.

அதற்கு முன் 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியது. அலுவலகத்துக்கு டிராக்டரில் போன காட்சியை நாடே பார்த்தது. அடுத்த ஆண்டே வறட்சி. கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பெய்தால் வெள்ளம், காய்ந்தால் வறட்சி.

இதிலும் மர்மம் இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். நாள் கணக்கில் சுமந்து, ஒரே மணி நேரத்தில் இறக்கிவிடும். அந்த நீரை வாங்கி வைக்க ஏரி இருந்தால் அது வரம். ஏரி இல்லாததால் அது வீட்டுக்குள் வருகிறது.

2024 கோடையில் நகரின் சுமார் 14,000 ஆழ்குழாய்க் கிணறுகளில் பாதி வற்றிப்போயின. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாவது கட்டத் திட்டம் தொடங்கியது உண்மை. நாள் ஒன்றுக்கு 77½ கோடி லிட்டர் கூடுதல் நீர். நல்ல காரியம். ஆனால் சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டு வரும் தண்ணீரை நம்பி, காலடியில் விழும் மழையைச் சாக்கடையில் விடுவது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

யாருக்கு எத்தனை டிகிரி?

வானொலியில் "இன்று 37 டிகிரி" என்று ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 37 எல்லோருக்கும் ஒன்றா?

குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு அது 24. கல்லாசிப்பாளையம் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கு அது நாற்பதுக்கு மேல். பத்தாவது மாடிக்குச் செங்கல் ஏற்றும் கட்டடத் தொழிலாளிக்கும், தள்ளு வண்டியில் காய்கறி விற்கும் அம்மாவுக்கும், தகரக் கூரையின் கீழ் தையல் மெஷின் மிதிக்கும் பெண்ணுக்கும் அது என்ன டிகிரி என்று அளந்தவர் யார்?

மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் தினமும் ரெயிலில் வந்து போகிறவர்களைக் கேட்டால் தெரியும். 2001இல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரையே நம்பி இருக்கும் குடும்பங்கள் அவை. விடிவதற்கு முன் கிளம்பி, நின்றுகொண்டே வந்து, பகலெல்லாம் வெயிலில் உழைத்து, இருட்டிய பின் வீடு சேர்ந்தால் அங்கே ஷீட் கூரை அனலாய் இருக்கிறது. உடம்பு எப்போது ஆறும்?

இதில் இன்னொரு வேடிக்கை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் "வெப்ப அலை" என்று கருத வேண்டும் என்பது வானிலைத் துறையின் பொது அளவுகோல். பெங்களூர் 39.2க்கு மேல் போனதே இல்லை. ஆகவே இங்கே உடம்பு கருகினாலும், ஏட்டின்படி அது வெப்ப அலையாக எளிதில் ஆகாது! குளிர்ந்த ஊர் என்று வாங்கிய பெயரே இப்போது பாதகமாக நிற்கிறது.

ஜப்பானைப் பாருங்கள்

செர்ரி மலருக்குப் பெயர் போன நாடு ஜப்பான். அங்கே கியோட்டோ நகரில் செர்ரி பூக்கும் நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26 அன்றே முழுதும் பூத்துவிட்டது. அதுவரை அத்தனை நூற்றாண்டு ஏட்டிலும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. 2025 ஆகஸ்டு 5 அன்று இசெசாகி என்ற ஊரில் 41.8 டிகிரி வெயில் அடித்தது. அது அந்நாட்டின் புதிய உச்சம்.

அவர்கள் என்ன செய்தார்கள்? 2025 ஜூன் முதல், 31 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கும் முதலாளிகள் தொழிலாளிக்கு வெப்ப நோய் வராமல் பாதுகாக்க ஏற்பாடு செய்தே தீர வேண்டும் என்று விதி செய்தார்கள். தவறினால் சிறை அல்லது அபராதம். பக்கத்து நாடான தென் கொரியாவில், உடம்பு உணரும் வெப்பம் 33 டிகிரியைத் தொட்டால் இரண்டு மணி நேர வேலைக்கு 20 நிமிடம் ஓய்வு கட்டாயம்.

31 டிகிரி என்பது பெங்களூரில் மார்ச் மாதத்துச் சாதாரண நாள்!

அவ்வளவு தூரம் போவானேன்? கர்நாடகத்திலேயே கல்புர்கி பகுதியில் கோடையில் அரசு அலுவலக நேரத்தைக் காலை 8 மணி முதல் பகல் 1.30 வரை என்று மாற்றுகிறார்கள். குமாஸ்தாவுக்கு வெயில் சுடும் என்று ஒப்புக்கொண்ட அரசு, கூலிக்காரனுக்கும் அது சுடும் என்று ஒப்புக்கொள்ளக் கூடாதா? தமிழகத்தில் 2024 அக்டோபரில் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, வெயிலில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை வந்தது. ஓசூரைத் தாண்டி வந்த தமிழனுக்கு அந்த நிழல் இல்லை.

வேண்டியது என்ன?

முதலாவது, ஓய்வு. மார்ச் முதல் மே வரை பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் கடின வேலை கூடாது. "வேலை நின்றால் கூலி போகுமே" என்று தொழிலாளியே பயப்படுவான். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே காலையில் முன்னதாகத் தொடங்கி நேரத்தை ஈடு செய்ய வேண்டும். ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கூலியை வெட்டிக்கொண்டு கொடுக்கும் ஓய்வு ஓய்வல்ல, தண்டனை.

இரண்டாவது, தண்ணீர். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டப் புத்தகம் மாறினால் போதாது. பானையில் தண்ணீர் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கூரை. தகர, சிமென்ட் ஷீட் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சூடு குறையும். 2010 மே மாத வெயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கூடுதலாகப் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. ஏழைகளின் கூரைக்கு வெள்ளை அடிப்பதும் பின்னர் அதில் சேர்ந்தது. பெங்களூரிலும் 2023 நவம்பரில் பருவநிலைச் செயல் திட்டம் ஒன்று வெளியிடப்பட்டது. அது அலமாரியை விட்டுச் சேரிக்கு வர வேண்டும்.

நான்காவது, மிச்சம் இருக்கும் ஏரிகள். 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஏரி ஒருவர் எல்லையில், அதற்கு நீர் கொண்டு வரும் ராஜகால்வாய் இன்னொருவர் எல்லையில் என்று ஆனால், "என் வேலை இல்லை" என்று சொல்ல வசதியாகிவிடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம்மவர் கடமை

அரசை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது முறையல்ல. தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழருக்குப் புதிதா என்ன? கோயில் திருவிழாவுக்கு நீர்மோர் ஊற்றும் கைகள், சித்திரை முடியும் வரை கட்டட வேலை நடக்கும் தெருக்களில் ஒரு பானை வைக்கலாம். கன்னடரும் தெலுங்கரும் பீகாரிலிருந்து வந்தவரும் அதில் குடிப்பார்கள். வெயில் மொழி பார்த்து அடிப்பதில்லை.

சங்கங்களும் மன்றங்களும் இன்னொன்றைச் சொல்லிக்கொடுக்கலாம். வெயிலில் நிற்பவனுக்குத் தலை சுற்றி, பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது மயக்கம் மட்டும் அல்ல; உயிரை வாங்கும் நோய். நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, விசிறிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். நினைவு இல்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த நாலு வரி தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

இந்த நகரத்தின் மில்லிலும் தண்டவாளத்திலும் கட்டடத்திலும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வை கலந்திருக்கிறது. வியர்வை சிந்த அவன் என்றும் தயங்கியதில்லை. அந்த வியர்வை உழைப்பால் வரட்டும். உயிர் வற்றுவதால் வர வேண்டாம்.

அடுத்த கோடைக்கு முன் ஆவன செய்வார்களா?