பெடல் வரிசைக்கு இலக்கணம் உண்டா?

இரண்டாவது பெடலை வாங்கிய அன்றே ஒரு கிட்டார் வாசிப்பாளருக்கு அந்த வரைபடமும் கிடைத்துவிடுகிறது. டியூனர், வா, கம்ப்ரெஸ்ஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, ரிவெர்ப் என இடம் மாறாத ஒரு வரிசை. கடைக்காரர் அதையே சொல்கிறார். காணொளிகளும் அதையே சொல்கின்றன. காரணம் கேட்டால் மட்டும் ‘அப்படித்தான் வைப்பார்கள்’ என்பதே விடை. மொழியியல் பயின்றவர்களுக்கு இந்தக் குரல் நன்கு பழக்கமானது. எது வழு, எது வழுவன்று என்று தீர்ப்புரைத்து, ஏன் என்பதை விட்டுவிடும் இலக்கணத்தின் குரல் அது.

அந்த வரைபடம் முழுவதும் தவறு என்பதன்று என் வாதம். இயற்பியல் விதிப்பவை, வெறும் வழக்கமாக நிலைபெற்றவை, வேறு யாருடைய சூழலுக்கோ உரியவை ஆகிய மூன்றையும் அது ஒரே நூலில் கோத்துவிடுகிறது. பெரிய பலகை வைத்திருப்பவருக்கு இதனால் இழப்பில்லை. நான்கைந்து பெடல்களுக்கு மட்டுமே இடமுள்ள சிறு பலகைக்காரருக்கோ இது பணமும் இடமும் சார்ந்த சிக்கல்.

தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ‘ஓடவைக்கத் தொடங்கினான்’, ‘ஓடத் தொடங்கவைத்தான்’ ஆகிய இரண்டிலும் உள்ள வினைகள் ஒன்றே. முன்னதில் தொடங்குபவன் ஓட்டுவிப்பவன். பின்னதில் தொடங்குபவன் ஓடுபவன். வரிசை மாறியதும் பொருள் மாறிவிட்டது. ‘நேற்று அவளை நூலகத்தில் பார்த்தேன்’ என்பதை ‘நூலகத்தில் அவளை நேற்றுப் பார்த்தேன்’ என்று மாற்றினால் அழுத்தம் நகர்கிறது, நிகழ்ச்சி மாறுவதில்லை. பெடல்களிலும் இவ்விரு வகை உறவுகளும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

டிஸ்டார்ஷனும் டிலேயும் முதல் வகை. டிஸ்டார்ஷனுக்குப் பின் டிலே வந்தால், கரகரப்பான ஒரு சுரத்தின் எதிரொலிகள் தனித்தனியே, ஒன்றைவிட ஒன்று தணிந்து தெளிவாகக் கேட்கும். இடம் மாற்றினால், பழைய எதிரொலியும் புதிய சுரமும் சேர்ந்தே டிஸ்டார்ஷனுக்குள் நுழைகின்றன. அங்கே அவை ஒன்றோடொன்று மோதி, இரண்டிலும் இல்லாத அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. எதிரொலி தணிவதும் மழுங்கிப்போகிறது. சிலருக்கு இது குப்பை. சிலர் தேடுவதே இந்தக் கலங்கலைத்தான்.

டிலேயும் ரிவெர்பும் அப்படியல்ல. எது முன், எது பின் என்று இணையத்தில் நடக்கும் சண்டை முடிவற்றது. கணக்கின்படி, இரண்டும் நேரியல்புடையவையாகவும் காலத்தால் மாறாதவையாகவும் இருந்தால், எந்த வரிசையில் வைத்தாலும் வெளிவரும் ஒலி ஒன்றே. எதிரொலியைக் கரகரப்பாக்கும் அனலாக் டிலே, அலைவு சேர்க்கும் ரிவெர்ப், ஸ்டீரியோ இணைப்பு ஆகியவற்றில் வேறுபாடு தோன்றும். எளிய டிஜிட்டல் பெடல்கள் இரண்டை மோனோவில் இணைத்திருப்பவர் இதற்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நேரியல்பைக் குலைக்கும் பெடல் எங்கே இருக்கிறது? அதன் முன்னும் பின்னும் வைப்பவற்றைத்தான் காதால் சோதிக்க வேண்டும். ஈக்வலைசரை டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் எந்த அதிர்வெண் அதிகம் சிதைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறோம். பின் வைத்தால் சிதைந்து வந்ததைச் செதுக்குகிறோம்.

‘டியூனரே முதலில்’ என்ற விதியும் எல்லா இடத்திலும் செல்லாது. 1966இல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற சுற்றுகளின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. அவை கிட்டாரின் பிக்கப்புடன் நேரடியாகப் பிணைந்தே தம் குணத்தைப் பெறுகின்றன. கிட்டாரின் ஒலியளவுக் குமிழைச் சற்றுக் குறைத்ததும் ஒலி தெளிவதற்கு இந்தப் பிணைப்பே காரணம். பஃபர் கொண்ட டியூனரை இடையில் வைத்தால் அது அறுந்துபோகும். அங்கே ஃபஸ் முதலிலும் டியூனர் அதன் பின்னும் வர வேண்டும். ‘ஃபேசர் எப்போதும் டிஸ்டார்ஷனுக்குப் பின்’ என்பாரும் உளர். எடி வான் ஹேலன் 1978இல் வெளிவந்த முதல் தொகுப்பில் ஃபேஸ் 90 பெடலை ஆம்பின் டிஸ்டார்ஷனுக்கு முன்னரே வைத்து வாசித்தார். அதை வழு என்று சொல்லும் துணிவு யாருக்கும் வந்ததில்லை.

இனி, வேறொருவர் சூழலிலிருந்து வந்த அறிவுரை. ‘டிலேயை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் இணையுங்கள்’ என்கிறார்கள். சொந்த வால்வ் ஆம்பிலிருந்தே டிஸ்டார்ஷன் பெறுபவருக்கு அது பொன்னான அறிவுரை. நம் ஊர்க் கல்லூரி விழா மேடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வாடகை ஆம்ப். எந்த ஆம்ப் வரும் என்பது மேடையேறும்வரை தெரியாது. ஒத்திகைக்கும் நேரம் தரமாட்டார்கள். ஆகவே ஆம்பைத் தெளிவான ஒலியில் வைத்துவிட்டு, கரகரப்பைப் பெடலிலிருந்து பெறுவதே பாதுகாப்பு. அப்போது லூப்புக்கே வேலையில்லை. அதற்கான இரண்டு நீண்ட கேபிள்களும் மிச்சம்.

பலகையின் அளவுக்கு வருவோம். பாஸ் நிறுவனத்தின் வழக்கமான பெடல் 73 மி.மீ. அகலம். 18 அங்குலப் பலகை ஏறத்தாழ 457 மி.மீ. ஐந்து பெடல்கள் 365 மி.மீ. எடுத்துக்கொள்ளும். இடையே வரும் நான்கு இணைப்புகளுக்கு 25 மி.மீ. வீதம் நூறு சேர்த்தால் 465. பலகை தோற்றுவிட்டது. தட்டையான பிளக்குகளோ, குறுகிய பெடல் ஒன்றோ இல்லாமல் ஐந்தாவது ஏறாது.

இவ்வகைப் பெடல்களில் உள்ளீடு வலப்புறம், வெளியீடு இடப்புறம். மின்குறிகை வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஹைதராபாத்தின் உருதுப் பெயர்ப்பலகைகளைத் தினமும் பார்க்கும் எனக்கு அது விந்தையாகத் தெரியவில்லை. பலரும் கவனிக்காதது இதுதான்: குறிகை ஓடும் வரிசையும் பெடல்கள் தரையில் அமரும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முன்னதைக் காது தீர்மானிக்கட்டும். பின்னதைக் கால் தீர்மானிக்கட்டும். பாடலின் நடுவே அடிக்கடி மிதிக்கும் பெடல் பலகையின் ஓரத்திலும், ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துபோவது நடுவிலும் இருப்பது நல்லது. அதற்கு விலை சற்றே நீளமான ஒரு பேட்ச் கேபிள், அவ்வளவுதான்.

மின்னூட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகப் பிரியும் கம்பியில் டிஜிட்டல் டிலேயையும் அதிக கெயின் உள்ள டிஸ்டார்ஷனையும் சேர்த்தால், டிலேயின் மின்னிரைச்சலை டிஸ்டார்ஷன் பெருக்கித் தரும். இன்னொரு பெடல் வாங்கும் பணத்தில் தனித்தனி மின்வழிகள் கொண்ட சப்ளை வாங்குவதே என் தேர்வு.

ஐந்தில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்றால் ரிவெர்பைக் கைவிடலாம். நம் கல்லூரி அரங்குகளின் வெற்றுச் சுவர்களே தேவைக்கு மேல் எதிரொலிக்கின்றன. போதாவிட்டால் மிக்ஸர் முன் அமர்ந்திருப்பவர் சேர்த்துவிடுவார். அந்த 73 மில்லிமீட்டரில் நான் ஈக்வலைசரை வைப்பேன், டிஸ்டார்ஷனுக்குப் பின். தெரியாத ஆம்ப் ஒன்று காதைக் குத்தும்போது குனிந்து திருப்புவதற்குக் கைக்கெட்டும் இடத்தில் ஏதேனும் ஒன்று வேண்டும்.