பார்க்க ஒன்றுமில்லையா?

கோடியக்கரைக்குச் சென்று வருவோரில் பலர், "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். கூண்டுக்குள் புலியும், வாசலில் ஐஸ் வண்டியும் இருந்தால்தான் அவர்களுக்கு அது பார்க்கும் இடம் போலும்! இவ்வாண்டு சனவரித் திங்களில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அங்குச் சென்று வந்தோம். அவர்கள் கூற்றை நாங்கள் ஒப்பவில்லை.

வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையில் இருப்பது கோடியக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி படகோட்டிய கோடிக்கரை இதுவே. வெளிமான்களைக் காக்கவென 1967-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஒன்றுமில்லாத இடத்துக்கா இத்தனை காவல்?

கடல்நீரும் மழைநீரும் கலந்து கிடக்கும் அந்தச் சதுப்பு, சட்டென்று பார்ப்பவருக்கு வெறும் சேறுதான். பூநாரைகளுக்கோ அது அன்னசத்திரம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, பாசியையும் நுண்ணிய இறால் வகைகளையும் வடிகட்டி உண்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அவ்வுணவு தந்ததே. மழை பொய்த்தால் நீரில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் அதில் வாழும் சிற்றுயிர்கள் மாறும். பறவைகளும் இரை தேடி வேறிடம் போகும். ஆகவே நாம் போன நாளில் அவை இல்லையென்றால் முகம் சுளிப்பது முறையன்று. ஏன் வரவில்லை என்றல்லவா கேட்க வேண்டும்? எங்களுக்குக் கிடைத்தது தொலைவில் வெண்கோடு போல் நின்ற ஒரு கூட்டம். ஒரே பைனாகுலரில் ஆளுக்கு ஒரு நிமிடம். முணுமுணுத்தவர்களும் உண்டு!

வேறோர் ஊரிலிருந்து வந்த பேருந்து ஒன்றில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முறுக்கும் பழமும் வீசப்பட, குரங்குகள் சாலைக்கு ஓடி வந்தன. பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். இதை ஜீவகாருண்யம் என்று நம் வீடுகளிலும் நினைக்கிறோம். சாலையில் காத்திருக்கப் பழகிய குரங்கு ஒருநாள் சக்கரத்தில் அடிபடும். அதற்குக் காட்டில் பழமும் இலையும் இல்லாமலா போயிற்று?

மட்டக்குதிரைகள் பற்றி எங்களுக்குள்ளேயே பெரும் வாக்குவாதம் நடந்தது. முன்பு மனிதர் வளர்த்துக் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை என்கிறார்கள். வெளிமான் ஓடித் தப்பும் விலங்கு. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். அந்தப் புல்லையே குதிரைகளும் மேய்கின்றன. "அவற்றை அப்புறப்படுத்த வேண்டும்" என்றனர் சிலர். "கைவிட்டவர் மனிதர், தண்டனை குதிரைக்கா?" என்றனர் சிலர். எங்களில் பெரும்பாலோர் முடிவு இது: புல்வெளிக்குள் பரவி அதை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்தை முதலில் முழுமையாக வெட்டட்டும், குதிரை வழக்கைப் பிறகு பேசலாம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அங்கே எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது, மான்களும் மாண்டன. அடிபட்ட காட்டுக்கு இன்னொரு சுமை எதற்கு?

அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். வேளாங்கண்ணி, நாகூர், கோடியக்கரை என்று ஒரே நாளில் மூன்றையும் முடிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அப்படிப் போனால் கோடியக்கரை சேரும்போது நண்பகலாகிவிடும்; மான்கள் நிழலில் ஒதுங்கியிருக்கும்; பிள்ளைகள் பசியில் இருப்பார்கள். அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையரை முதல்நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கவைத்து, விடிந்ததும் இருபது இருபது பேராக உள்ளே அழைத்துச் செல்லுங்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். பைனாகுலர் மட்டும் நான்காவது வேண்டும்.