எழுத்தைத் தொலைத்த தமிழ்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் டிடிபி கடை. உள்ளே வந்த வயதான அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு சிடி. 1947 வரை பிரிட்டிஷார் நிர்வாகத்தில் இருந்த பெங்களூர் கண்டோன்மென்ட் பகுதித் தமிழர்களின் வாழ்க்கை பற்றி அவருடைய கணவர் 2000-ஆம் ஆண்டில் ஓர் இணைய இதழில் எழுதிய கட்டுரைகள் அதில் இருந்தன. இதழ் என்றோ நின்றுவிட்டது. இப்போது கணவரும் இல்லை. முதலாண்டு நினைவு நாளுக்குள் கட்டுரைகளைச் சிறு புத்தகமாகப் போட வேண்டும்.

கடைக்காரர் ஒரு பக்கத்தைத் திறந்தார். தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிவரியாக நின்றன.

"இது எந்த பாஷை தம்பி?"

"தமிழ்தாம்மா. எழுத்துதான் காணோம்."

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்து என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியும். 1990-களில் தமிழில் அந்த ஒப்புதல் நடைமுறைக்கு வரவில்லை. ஃபான்ட் விற்ற நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தன. ஒன்றில் 'க'வாக இருந்த எண் இன்னொன்றில் வேறு எழுத்து. ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் அதே நிறுவனத்திடம்தான் போயாக வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு பிரௌசர்கள் ஒரு குறுக்குவழி காட்டின. 1997-இல் வெளியான நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 இரண்டிலும் 'டைனமிக் ஃபான்ட்' வசதி இருந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாகவே இறங்கிவிடும். வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அன்று அது வரப்பிரசாதம்தான். ஆனால் நெட்ஸ்கேப் கையாண்டது பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் முறை. மைக்ரோசாஃப்ட் கையாண்டது தன் சொந்த முறை. ஒன்றின் எழுத்துரு மற்றதில் வேலை செய்யாது. தளம் நடத்தியவர்கள் இரண்டுக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும், அல்லது ஒரு பகுதி வாசகர்களைக் கைகழுவ வேண்டும். 2000-இல் வந்த நெட்ஸ்கேப் 6 தன் முறையைக் கைவிட்டது. எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் விடை கொடுத்தது. பூட்டுச் செய்தவர்கள் போய்விட்டார்கள், சாவியையும் எடுத்துக்கொண்டு.

பொதுவழி ஒன்றும் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. 1991-இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே 'டிஸ்கி' குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொது விசைப்பலகை ஒன்றைத் தந்தது. விண்டோஸ் 2000 யூனிகோடைப் படிக்கும் 'லதா' எழுத்துருவோடு வந்தது. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010 ஜூனில். எல்லா பிரௌசர்களுக்கும் பொதுவான 'வோஃப்' எழுத்துரு முறை 2012 டிசம்பரில் இணையத் தரமானது.

வீடியோவிலும் இதே கதைதான். ரியல் பிளேயர், பிறகு ஃப்ளாஷ். 2005-இல் தொடங்கிய யூட்யூப் ஃப்ளாஷில்தான் ஓடியது. 2015 ஜனவரியில் பிரௌசருக்குள்ளேயே ஓடும் எச்டிஎம்எல் 5-க்கு முதலிடம் கொடுத்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷின் ஆயுள் முடிந்தது.

ஆனால் திறந்தது எப்போதும் வெல்லும் என்று விதி ஏதும் இல்லை. காப்புரிமைக் கட்டணம் உள்ள எச்.264 முறையை ஃபயர்ஃபாக்ஸ் நெடுநாள் ஏற்க மறுத்தது. 2009-இல் 'தியோரா' என்ற கட்டணமற்ற முறையைச் சேர்த்தது. 2010 மேயில் கூகுள் 'விபி 8' முறையை இலவசமாகத் திறந்துவிட்டது. ஆனாலும் கேமராவும் செல்போனும் எச்.264-லேயே பேசின. கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ்தான் இறங்கி வந்தது. பல நிறுவனங்கள் கூடி 'ஏவி 1' என்ற கட்டணமற்ற முறையை வெளியிட 2018 ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், பூட்டிய படங்களை பிரௌசரில் ஓட்டும் வழிமுறைக்கு இணையத் தர அமைப்பே ஒப்புதல் தந்துவிட்டது. திருட்டைத் தடுக்கப் பட நிறுவனங்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் பணம் கட்டிப் பார்த்தவரிடம் நாளை எதுவும் மிஞ்சாது.

காக்ஸ் டவுன் கடைக்காரருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அந்த ஃபான்டின் எண் வரிசையை ஆர்வலர்கள் சிலர் முன்பே கண்டறிந்து, யூனிகோடுக்கு மாற்றும் சிறு புரோகிராமை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாலைப் பொழுதில் கட்டுரைகள் தமிழாயின. சிடியில் இருந்த ரியல் வீடியோ துண்டு ஒன்றும் விஎல்சி என்ற திறந்த மென்பொருளில் ஓடியது. ஏதோ கூட்டத்தில் கணவர் பேசிக்கொண்டிருந்தார். தபால்தலை அளவுப் படம். ஆனால் குரல் தெளிவு. அம்மாள் அதை இன்னொரு முறை போடச் சொன்னார்.

"இனிமே இது அழியாதில்ல?"

"பிரதி எடுத்து நாலு பேருக்குக் குடுத்து வைங்கம்மா. யார் கம்ப்யூட்டர்லயும் திறக்கிற மாதிரிதான் போட்டிருக்கேன்."

எல்லோர் சிடிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அப்போது எழுதியவர்கள் பலருக்கு, தாங்கள் தமிழில் எழுதுகிறோம் என்றுதான் நினைப்பு. உண்மையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் எண்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.