பூஞ்சணம் யாரைத் தாக்கும்?

மழைக்காலம் வந்தால் போர்ட் கிள்ளான் வீடுகளில் குளியலறைச் சுவரிலும் துணி அலமாரியிலும் கறுப்புப் புள்ளிகள் படர்கின்றன. "பிள்ளையின் நுரையீரலிலும் பூஞ்சணம் பிடித்துவிடுமோ?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அப்படி நடப்பது மிக அரிது. ஏன் அரிது என்று தெரிந்துகொண்டால், எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஒன்றின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 400 வித்துகளை வரிசையாக அடுக்கலாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துகளை நாம் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் சளியும் நுண்மயிர்களும் பலவற்றை வெளியே தள்ளிவிடுகின்றன. காற்றுப்பைகள் வரை சென்றவற்றை விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. தப்பி முளைப்பவற்றை வெள்ளை அணுக்கள் அழிக்கின்றன.

இந்தக் காவல் தளர்ந்தால்தான் ஆபத்து. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், பிறவியிலேயே வெள்ளை அணுக்களில் குறைபாடு உள்ள குழந்தைகள் ஆகியோரைப் பூஞ்சணம் கடுமையாகத் தாக்கும். 2021-இல் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோருக்குக் 'கறுப்புப் பூஞ்சை' நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் கோவிட் கண்டவர்கள். நீரிழிவு உள்ளவர்கள் அல்லது ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள். அதே காற்றைச் சுவாசித்த கோடிக்கணக்கானோருக்கு ஒன்றும் ஆகவில்லை.

விதிவிலக்கும் உண்டு. வௌவால் எச்சம் குவிந்த குகைகளில் ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சணம் வளரும். அதை மிகுதியாகச் சுவாசித்தால் ஆரோக்கியமானவரும் நோயுறலாம்.

அப்படியானால் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தை விட்டுவிடலாமா? கூடாது. அது ஆஸ்துமாவைத் தூண்டும். ஆஸ்துமா நம் பிள்ளைகளிடம் பரவலாக உள்ள நோய். 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தில் பல வீடுகள் ஈரத்தில் ஊறிக் கிடந்தன. கூரை ஒழுகலை அடைப்பதும் சன்னலைத் திறந்து வைப்பதும் சிறிய வேலைகள்தாம். ஆனால் பயன் பெரிது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். காசநோயா என்று முதலில் பார்ப்பார்கள். வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாடிக் மாத்திரையை விழுங்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கானது, பூஞ்சணத்தைக் கொல்லாது.

உங்கள் வகுப்பில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் நண்பர் இருக்கிறாரா? பூஞ்சணம் படர்ந்த அறையில் அவரை உட்கார விடாதீர்கள். நமக்கு வேண்டாத பயம், அவருக்கு வேண்டிய அக்கறையாக மாறட்டும்.