நீலப் பூ ஏன் ரோஸ் ஆனது?

கேள்வி: 'ஊட்டியில் வாங்கி வந்த ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூத்தது. இப்போது ரோஸ் நிறத்தில் பூக்கிறது. இலை ஓரமும் கருகுகிறது. என்ன உரம் போடலாம்?'
- வாசகி, அமிர்தி, வேலூர் மாவட்டம்.

பதில்: இது உரக்குறைபாடு அல்ல. ஊட்டியின் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. கார அமிலத்தன்மை 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-க்கு மேல் போனால் ரோஸ். சுண்ணாம்புத்தன்மையுள்ள கிணற்றுநீர் மண்ணைக் காரமாக்கும். இலை ஓரம் கருகக் காரணம் வெயிலும் நீரிலுள்ள உப்பும். தோல் கழிவால் கிணறு உப்பேறிய பாலாற்றங்கரை ஊர்களில் இந்தச் செடியே வேண்டாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, முதலில் நீர்ப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள்.

செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், மக்கிய தொழுவுரம், மக்கிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றுங்கள். சாம்பல், சுண்ணாம்பு போடக் கூடாது. பழைய கிளையில்தான் அடுத்த மொட்டு வரும். அதனால், வாடிய பூங்கொத்தை மட்டும் வெட்டுங்கள்.

இதன் இலையும் பூவும் நஞ்சு. ஆடு, மாடு எட்டாதபடி வையுங்கள். சமவெளிக் கோடையில் இது தாராளமாகப் பூக்காது என்பதால், விற்பனைக்காக வளர்க்க வேண்டாம். கொத்துப் பூதான் ஆசை என்றால், வெயில் தாங்கும் இட்லிப்பூ வையுங்கள்.