கிழிக்கப்பட்டது சித்திரக்கதைப் புத்தகம் மட்டுமல்ல



இதை வாசித்துவிட்டுச் சிலர் எங்களோடு கோபிப்பீர்கள். பரவாயில்லை, கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

செங்கலடிச் சந்தியால் திரும்பி, கறுத்தப்பாலம் கடந்து பதுளை வீதியால் நாளாந்தம் கரடியனாற்றுப் பக்கம் வந்து போகும் ஆசிரியர்கள் நாங்கள். கடந்த தவணையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாடசாலையில், தரம் ஆறில் படிக்கும் ஒரு பையன் வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒரு சித்திரக்கதையை ஒளித்து வைத்து வாசித்திருக்கிறான். பிடிபட்டான். வகுப்பின் முன்னாலேயே அந்தப் புத்தகம் இரண்டாகக் கிழிந்தது. "இது படிக்கிற பிள்ளை வாசிக்கிற சாமானா?" என்று கேள்வி வேறு.

அந்தப் பிள்ளை தரம் ஐந்து வரை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தவன். அவன் தானாக எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த முதலாவது புத்தகம் அதுதான். கிழித்த கை எங்களில் ஒருவருடையது. ஆகவே அடுத்தவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

"படம் பார்க்கிறது வாசிப்பில்லை" என்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் வாப்பாமாரும் மாமாமாரும் எப்படி வாசிக்கப் பழகினார்கள்? 1947இல் தொடங்கிய அம்புலிமாமா பக்கத்துக்குப் பக்கம் படத்தோடுதான் வந்தது. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு பல பத்தாண்டுகள் தாண்டியும் முடியாமல் ஓடியது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பிரித்தானியச் சிறுவர் இதழொன்றில் வந்த கதை, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்தது, தமிழில் பேசியது. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திய மனிதன், மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும். இன்றைக்கு ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவை அரசாங்கம் கட்டுப்படுத்திய காலத்தில்கூட, பழைய இதழ்களைக் கை மாற்றி, அட்டை கழன்ற பின்னும் வாசித்தவர்கள் எங்கள் மூத்தவர்கள். அவர்கள் கெட்டா போனார்கள்? ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் வந்தார்கள்.

இந்தப் பயம் புதிதுமில்லை. 1948இல் அமெரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே சித்திரக்கதைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். 1954இல் வெர்தம் என்ற மனநல மருத்துவர், இவைதான் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். ஊரே நம்பியது. அதே வருடம் பதிப்பாளர்கள் பயந்து தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் போட்டுக்கொண்டார்கள். அறுபது வருடம் அளவில் கழித்து, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய சொந்தக் குறிப்புகளைத் திறந்து பார்த்தபோது, பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் வெட்டியும் எழுதியிருந்தது தெரியவந்தது. படித்தவர் சொன்னால் விசாரிக்காமல் நம்புகிற பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

"சண்டையும் ஆபாசமும் இருக்கிறதே சேர்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. சிலவற்றில் இருக்கிறது. அவற்றை வயது பார்த்து விலக்குவது எங்கள் வேலை. அதற்காக எல்லாவற்றையும் கிழிப்பது, ஒரு மீன் பழுதென்று வலையையே வெட்டுவதற்குச் சமம். உருவப்படம் பற்றி மார்க்க ரீதியாகக் கேட்பவர்களும் உண்டு. அதை உலமாக்களிடம் கேளுங்கள், நாங்கள் ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துக் கார்ட்டூன் ஓடவிட்டுச் சோறூட்டும் வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வரும்போதுதான் எங்களுக்குப் புரிவதில்லை.

சித்திரம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கு ஒன்று. பலஸ்தீன ஓவியர் நாஜி அல் அலி வரைந்த ஹன்தலா என்ற பத்து வயதுப் பையன், எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பவன், உலகம் முழுக்கத் தெரிந்தவன். அந்தச் சித்திரங்களை வரைந்தவரை 1987இல் லண்டன் வீதியில் சுட்டார்கள். ஹிரோஷிமாவில் தப்பிய நகசாவா தான் கண்டதைச் சித்திரக்கதையாக வரைந்தார். எங்கள் நாட்டுப் போரைப் பற்றிக்கூட 2019இல் 'வன்னி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு சித்திர நூல் வந்துவிட்டது. சிரித்திரன் சுந்தர் சவாரித்தம்பரையும் மைனர் மச்சானையும் வரைந்து யாழ்ப்பாணத்தைச் சிரிக்க வைத்தார். சிங்களத்தில் 1951இலேயே 'நீலா' என்று பத்திரிகைச் சித்திரக்கதை தொடங்கிவிட்டது.

படுவான்கரைக்கு எது இருக்கிறது? யானை வயலுக்குள் இறங்கும் இரவு, வெள்ளம் வந்து வீதி மறிந்த நாள், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த கதை, இதையெல்லாம் எங்கள் பிள்ளைகளின் கொப்பிப் பின்பக்கங்களில் ஏற்கனவே வரைந்து வைத்திருக்கிறார்கள். "கிறுக்காதே" என்று சிவப்புப் பேனையால் வெட்டுவது நாங்கள்தான். பிறகு மேடையேறி "வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது" என்று பேசுவதும் நாங்கள்தான்.

கேட்பது பெரிதல்ல. வீட்டுப் பரணில் பழைய சித்திரக்கதைகள் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் பக்கத்துப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். அதிபர்மாரே, ஒரு தட்டு ஒதுக்குங்கள். சக ஆசிரியர்களே, அடுத்த முறை பிடித்தால் கிழிக்க முன்னர் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு நாங்கள் ஒட்டுநாடாவால் புத்தகத்தை ஒட்டிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான். ஆனால் வகுப்பில் அதைத் திறக்கவில்லை. அவன் திரும்பத் திறக்கிற நாள் வரைக்கும் இந்தக் கடன் எங்கள் தலையில்தான் இருக்கிறது.