ஓடுவதற்கு 5, நிற்பதற்கு 18

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சிலின் 56ஆவது கூட்டம் செய்த தீர்மானங்களுள் நம் தொழிலைத் தொடுபவை, அம்மாதம் 22ஆம் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கின்றன. டிராக்டர், அறுவடை யந்திரம், கதிரடிக்கும் யந்திரம், வைக்கோல் கட்டும் பேலர் ஆகியவற்றின் மீதிருந்த 12 சதவீத வரி 5 சதவீதமாகக் குறைந்தது. விவசாய யந்திரங்களுக்கு இவ்வளவு வரி எதற்கென்று இவ்விதழ் பலமுறை கேட்டிருப்பதால், கேட்டது கிடைத்தபோது நன்றி சொல்ல மறுப்பது பண்பாகாது. ஆகவே முதற்கண் நம் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆனால் அதே தீர்மானத்தின் நிழலில் ஒரு சிறு பொருள் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. பேலர் சுருட்டிப் போடும் கட்டுகளையும், சாக்கில் பிடித்த நெல்லையும் தரையிலிருந்து தூக்கி அடுக்குவதற்காகக் கப்பலூரிலும் கே. புதூரிலும் உள்ள தொழிற்பேட்டைப் பட்டறைகள் முதல் மேலூர்ச் சாலையோரத்து வெல்டிங் கடைகள் வரையில் எவரும் செய்து கொடுக்கக்கூடிய, துளையிட்ட குழாய்க்கால்களில் முளை மாற்றிக் கூரையின் உயரத்தை ஏற்றி இறக்கும் போர்ச்சட்டம், விவசாய யந்திரம் அல்லவாம். அது இரும்புக் கட்டுமானம், 7308ஆம் தலைப்பு, வரி 18 சதவீதம். அதன் கூரையைத் தூக்க ஒரு ஜாக்கியைத் தனியே வாங்கினால் அதற்கும் 18. வைக்கோலைக் கட்டுவது விவசாயம், கட்டியதைக் காப்பது கட்டடத் தொழில் என்ற இந்தச் சித்தாந்தத்தை நாம் ஏற்பதற்கில்லை. போர்ச்சட்டம் பேலருக்குரிய வரியிலேயே வைக்கப்பட வேண்டும் என்பது இவ்விதழின் திடமான அபிப்பிராயம்.

பேலர் பரவிய வட்டாரத்தில் போர்ச்சட்டம் ஓர் அலங்காரமல்ல, அவசியம் என்பதற்குக் காரணம் வைக்கோலின் இயல்பிலேயே இருக்கிறது. உதிரி வைக்கோலை, தாள்கள் வெளிப்புறமாகச் சரிந்து நிற்கும்படி வரிசை வரிசையாக வைத்து, நடுவை மிதித்து இறுக்கி, உச்சியைக் கூம்பாக்கி, பக்கங்களைச் சீவி, புரி போட்டுக் கல் கட்டித் தொங்கவிட்ட படப்பு, தனக்குத் தானே கூரையாக நின்று ஐப்பசி கார்த்திகை மழையை வழியவிட்டது. மேலே ஒரு சாண் கறுத்தாலும் உள்ளே நிறம் மாறாமல் அடுத்த ஆண்டு வரையில் மாட்டுக்கு ஆயிற்று. உருளைக்கட்டுக்கு அந்தக் குணம் கிடையாது. தாள்கள் சரிவாக இல்லாமல் சுருண்டு கிடப்பதால் நீரை வழியவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. கட்டுக்கும் கட்டுக்கும் நடுவேயுள்ள சந்துகளில் மழை அடிவரை இறங்குகிறது. தரையைத் தொட்ட கட்டோ மழையே இல்லாவிட்டாலும் கீழிருந்து ஈரத்தை இழுக்கிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூசணம் பூத்த பிறகு அது தீவனமாகாது, குப்பைக்குழிக்குத்தான் ஆகும். பேலர் நமக்குக் கூலியை மிச்சப்படுத்தியது மெய். ஆனால் படப்பிடமிருந்த கூரையையும் அதுவே கழற்றிவிட்டது. கழற்றிய கூரையை ஏதேனும் ஒன்று திருப்பித் தர வேண்டுமல்லவா?

நிலையான தகரக் கொட்டகை போதாதா என்று கேட்பவர்கள், வைக்கோற்போர் நாள்தோறும் உயரம் குறையும் ஒரு சரக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். தை மாதத்தில் கூரையைத் தொட்ட போர் ஆனி ஆடியில் இடுப்பளவாகிறது. உயரத்தில் நிற்கும் கூரைக்கும் தாழ்ந்துவிட்ட போருக்கும் இடைப்பட்ட வெளியில் ஆடிக்காற்று புகுந்து வாரிக்கொண்டு போகிறது, அதன்பின் வாடைக்காற்றோடு வரும் சாரல் பக்கவாட்டில் நனைக்கிறது. போர் தாழத் தாழக் கூரையும் தாழ வேண்டும் என்பதுதான் ஏற்றி இறக்கும் சட்டத்தின் முழுத் தத்துவமும். டச்சுக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். நான்கு அல்லது ஐந்து நெடிய கம்பங்களை நட்டு, அவற்றில் வரிசையாகத் துளையிட்டு, முளைகளின்மேல் கூரையை உட்கார்த்தி, போர் உயர உயரத் தூக்கியும் தாழத் தாழ இறக்கியும் வைத்த அவர்களுடைய ‘ஹோய்பெர்க்’, பதினேழாம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு கடல் கடந்து வட அமெரிக்காவில் ஹட்சன் நதிப் பள்ளத்தாக்கு வரையில் சென்றது. நம் பட்டறைக்காரர் மரக்கம்பத்துக்குப் பதில் ஜி.ஐ. குழாயையும், மரமுளைக்குப் பதில் இரும்பு முளையையும் வைக்கிறார். தத்துவத்தில் வேற்றுமை இல்லை.

நெல் மூட்டைக்கு இதே சட்டத்தைப் பயன்படுத்துவோர் இரண்டை மட்டும் கவனிக்க வேண்டும். அடித்தட்டு, எலி நுழைந்து குடியிருக்க இடம் தராத உயரத்தில், அடியில் கை நீட்டிப் பெருக்கும்படி இருக்க வேண்டும்; மூலைகளில் ஆங்கிளின் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புகைமூட்டத்துக்குப் போர்த்தும் பாய் கிழிந்து, மருந்து வீணாவதோடு ஆளுக்கும் ஆபத்தாகும். மற்றவை வாசகர்கள் அறிந்தவையே.

இனி வரி விஷயத்துக்கு வருவோம். மண்வெட்டி, கவைக்கோல், அரிவாள் போன்ற கைக்கருவிகள் 8201ஆம் தலைப்பில் வரியே இன்றி இருப்பதைக் காட்டி, போர்ச்சட்டத்தையும் அங்கே சேர்க்கச் சொல்லலாமே என்று நண்பர்கள் சிலர் கருதுகிறார்கள். இதில் நமக்குச் சம்மதமில்லை. வரியற்ற பொருளைச் செய்பவர், குழாய்க்கும் ஆங்கிளுக்கும் கொடுத்த 18 சதவீதத்தை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அது சட்டத்தின் விலையில் ஒளிந்துகொண்டு விவசாயியின் தலையில்தான் வந்து விழும். 5 சதவீதத்தில் வைத்தாலோ, உள்வரவு வரி வெளிவரியைவிட மிகுந்திருப்பதை முன்னிட்டு 89(5)ஆம் விதிப்படி மிச்சத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு. ஆகையால் நாம் கேட்பது விலக்கு அன்று, 5 சதவீதம். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் அடங்கிப் பதிவே இல்லாமலிருக்கும் சிறு பட்டறைகளுக்கு இதனால் நேரடி லாபமில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் சங்கங்களுக்கும் பால் பண்ணைகளுக்கும் மொத்தமாகச் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு இது வாழ்வா சாவா என்ற கணக்கு. தீர்மானம் மாறும் வரையில் எவரும் போர்ச்சட்டத்தைக் ‘கைக்கருவி’ என்றோ ‘பேலர் உதிரிபாகம்’ என்றோ பட்டியல் போட வேண்டாமென்றும் கேட்டுக்கொள்கிறோம். தவறான தலைப்பில் எழுதிய பட்டியல் பின்னொரு நாளில் வட்டியோடும் அபராதத்தோடும் திரும்பி வரும்; நியாயமான கோரிக்கையையும் அது கறைப்படுத்தும்.

இந்த 13 சதவீத வித்தியாசம் வெறும் தலைப்புக் குழப்பமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். இதன் அடியில், நம்மை ஆள்வோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கும் ஒரு மனோபாவம் கிடக்கிறது. ஓடுவதும் சுழல்வதும் புகை விடுவதுமே அவர்களுக்குக் கருவி. அசையாமல் நின்று காப்பது எதுவும் கருவியன்று. சில ஆண்டுகளுக்கு முன், போர்ச்சட்டத்துக்கு மானியம் உண்டா என்று விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குச் சென்றபோது, விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, “இதற்கு எத்தனை குதிரைத்திறன் என்று போடுவது?” என்று கேட்டார். ஏளனமாக அன்று, உண்மையான கவலையோடுதான் கேட்டார். குதிரைத்திறனுக்கென ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இருந்தது, அதை நிரப்பாமல் மேலே அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த மனிதர்மேல் நமக்குக் கோபமில்லை. அந்தக் கட்டத்தை வரைந்தவர்கள்மேல் இருக்கிறது.

ஏனெனில் யந்திரம் வந்த பிறகு நிற்கும் கருவியின் தேவை குறையவில்லை, பெருகியிருக்கிறது. கையால் அறுத்த நாளில் கதிர்க்கட்டு வயலில் கிடந்து காய்ந்தது, களத்தில் அம்பாரமாக இருந்து காய்ந்தது, அடித்துத் தூற்றிய பின் பொலியிலும் காய்ந்தது; குலுக்கைக்குள் நெல் போகுமுன் வெயிலும் காற்றும் பல நாள் தம் வேலையைக் கூலியின்றிச் செய்து முடித்திருந்தன. இன்று யந்திரம் ஒரு முற்பகலில் அறுத்து, அடித்து, ஈரம் 20ஐத் தாண்டிய நெல்லை நேரே டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ எல்லை 17. மழைக்காலம் வந்தால் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகிறது; குழு வருகிறது, நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கிறது, போகிறது; 2022 அக்டோபரில் 19 என்றார்கள், 2023 பிப்ரவரியில் 20 என்றார்கள். எழுத்தில் எல்லையைத் தளர்த்தலாம். மூட்டைக்குள் இருக்கும் நெல் எந்த உத்தரவையும் படிப்பதில்லை, அது தன் சூட்டில் தானே முளைக்கிறது. யந்திரம் மிச்சப்படுத்திய நாட்களில் வெயிலும் காற்றும் செய்துவந்த வேலையை இப்போது வேறு யார் செய்வது என்ற கேள்விக்கு, களம், மேடை, சட்டம் என்ற நிற்கும் கருவிகளைத் தவிர விடையில்லை.

களமோ எங்கே இருக்கிறது? நம் வட்டாரத்துக் கால்வாய்ப் பாசனத்தில், பேரணை முதல் கள்ளந்திரி வரையில் இருபோகம் காணும் 45,041 ஏக்கரிலும், அதற்குக் கீழே மேலூரிலும் திருமங்கலம் கால்வாயிலும் ஒருபோகமாக உள்ள 1,05,002 ஏக்கரிலும் நாற்றங்கால் முதல் மடை வரைக்கும் கணக்கு வைத்திருக்கும் சர்க்கார், களத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறதா? ஊர்ப்பொதுவாகக் கிடந்த களங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்களுக்கு அடியில் போயின. திட்டங்களின் பேரில் போட்ட சிமெண்டு உலர்களங்கள் பல, வண்டி போகாத மூலைகளில் இருக்கின்றன. வண்டி போகும் இடத்தில் இருப்பவையோ பந்தல் போடவும் வாகனம் நிறுத்தவும் ஆகிவிட்டன. வாடிப்பட்டியிலும் அலங்காநல்லூரிலும் மேலூரிலும் விவசாயி தார்ச்சாலையின் ஒரு பாதியை மறித்து, கல்லை வரம்பாக வைத்து, நெல்லைப் பரப்புகிறான். இரவில் அக்கல்லில் ஏறி விழும் இருசக்கர வாகனக்காரரும், அதற்காக வழக்கில் சிக்கும் விவசாயியும், இருவருமே களம் இல்லாமற் போனதன் பலியாட்கள். சாலையில் நெல் காயவைக்கக் கூடாதென்று ஆண்டுதோறும் எச்சரிக்கை செய்பவர்கள், வேறெங்கே காயவைப்பது என்ற அடுத்த வரியை ஒருமுறையாவது எழுதியிருக்கக் கூடாதா? இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம், மனு கொடுத்திருக்கிறோம், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலின் நகல்கள் நம்மிடம் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

நிற்கும் பொருளை சர்க்கார் முற்றிலும் புறக்கணிக்கவில்லையே, கூட்டுறவுத் துறையில் உலகிலேயே பெரிய தானியச் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 மே மாதத்தில் ஒப்புதல் தரவில்லையா, அதன் முன்னோடிக் கிடங்குகளுள் ஒன்று நம் பக்கத்துத் தேனி மாவட்டத்துச் சில்லமரத்துப்பட்டியில் 1,000 டன் கொள்ளளவோடு 2024 பிப்ரவரியில் திறக்கப்படவில்லையா என்று எவரேனும் கேட்கலாம். நல்ல காரியம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் வாதத்துக்கு அது மறுப்பன்று, இன்னொரு சாட்சி. சுவர் வைத்து, ஒப்பந்தம் விட்டு, கல்வெட்டுத் திறக்கக்கூடிய அளவுக்குப் பெரிதானால் நிற்பதும் கண்ணில் படுகிறது. ஐந்து மாடும் இரண்டு ஏக்கரும் உள்ளவர் தம் கொல்லையில் நிறுத்தும் சட்டத்துக்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை. ஆகவே அதற்குத் திட்டமுமில்லை, படிவமுமில்லை. கிடங்குக்குப் போய்ச் சேரும் நெல்லும் முதலில் அவர் கொல்லையில் காய்ந்தாக வேண்டும் என்பதை நினைவூட்டுவது நம் கடமை.

ஆதலால் நாம் கேட்பவை மூன்று. ஒன்று: தரைக்கு மேல் தாங்கும் அடித்தட்டும், உயரம் மாற்றத்தக்க கால்களும் கொண்டு, வைக்கோலோ தானியமோ அடுக்குவதற்கென்றே செய்யப்படும் சட்டம் எதுவோ அது விவசாய உபகரணம் என்று தெளிவான விளக்கத்தோடு கவுன்சில் அறிவித்து, 5 சதவீதத்தில் வைக்க வேண்டும். மத்திய நிதியமைச்சரும் மாநில அமைச்சர்களும் ஒரே மேசையில் அமரும் சபை அது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க அங்கே இடமில்லை என்பதால், தமிழ்நாட்டின் பிரதிநிதி இதை அடுத்த கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும். இரண்டு: ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து, காற்றின் வேகம், சுமை, துருப்பிடிப்பு ஆகியவற்றை உத்தேசித்து ஒரு மாதிரி வரைபடத்தை வெளியிட வேண்டும்; வரைபடம் இல்லாத பொருளுக்கு மானியம் கேட்பதில் நமக்கே கூச்சமாயிருக்கிறது. மூன்று: ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தோடும், நெல்லை வாங்குமுன் காயவைக்க அதே வளாகத்தில் ஒரு களம் இருந்தாக வேண்டும் என்பதை நிலையம் திறப்பதற்கான நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.

முதலாவதை ஒரு கூட்டத்தில் முடிக்கலாம். இரண்டாவதற்கு ஒரு பருவம் போதும். மூன்றாவதற்கு மட்டுமே பணமும் நிலமும் தேவைப்படும். கடினமானது ஆகிற வரையில் எளிதானதைச் செய்யாதிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பேலருக்குக் காட்டிய கருணை, அது சுருட்டிப் போடும் கட்டுகள் மழையில் அழுகிற வரைக்கும்தான் என்றால், அந்தக் கருணையால் பேலர் விற்பவர் பிழைப்பார், மாடு பிழைக்காது.